ஆயுத பூஜைக்கு அழித்த ஃபைல்

எங்கள் துறைத் தலைவரை நான் மன்னிக்கவில்லை. மன்னித்துவிடு என்று புத்தி சொல்ல வந்தவர்களையும் சேர்த்தே மன்னிக்கவில்லை. கடைசியில் என் மனம் இளகிவிடும் என்று எதிர்பார்த்து யாரும் படித்துக்கொண்டு போக வேண்டாம். அதற்காகத்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

தருமபுரியிலிருந்து நல்லம்பள்ளி போகிற வழியில் உள்ள ஒரு தனியார் கல்லூரியில், கணினித் துறையின் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. துறைத் தலைவரும் நானும் சேலத்தில் ஒரே வகுப்பில் எம்.சி.ஏ. படித்தவர்கள். கல்லூரிக்குள் அவரை 'சார்' என்பேன். வாசலைத் தாண்டினால் 'அண்ணா'. அவருக்கு நான் எங்கேயும் 'தங்கச்சி'தான். என் கணவர் ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்துகொண்டு வாரக் கடைசியில் மட்டும் வருகிறவர். அதனால் வீட்டில் மோட்டார் ஓடவில்லை என்றாலும், மகளுக்குக் காய்ச்சல் என்றாலும், முதல் போன் துறைத் தலைவருக்குத்தான் போகும். என் மகள் அவரை 'மாமா' என்று கூப்பிட்டே வளர்ந்தாள். அவர் துறையிலேயே சேர்ந்து கடைசி வருடத்துக்கு வந்திருந்தாள்.

எங்கள் லேபில் பிள்ளைகளின் முன்னால் இருப்பது வெறும் திரையும் கீபோர்டும் மட்டும். அவர்களுடைய கணினிகள் சர்வருக்குள் ஃபைல்களாக இருக்கின்றன. ஒருவருக்கு ஒரு விர்ச்சுவல் மெஷின். எல்லோருக்கும் முழு டிஸ்க்கை நகலெடுத்துக் கொடுத்தால் சர்வரில் இடம் பற்றாது. ஆகவே ஆபரேட்டிங் சிஸ்டமும் பாடத்துக்கு வேண்டிய மென்பொருள்களும் அடங்கிய ஒரே ஒரு பெரிய ஃபைலை அடியில் வைப்போம். அதற்குப் பேஸ் ஃபைல் என்று பெயர். அதன் மேல் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன ஃபைல். புதிதாக எழுதியதும் மாற்றியதும் மட்டுமே அந்தச் சின்ன ஃபைலில் சேரும். மற்ற எல்லாவற்றையும் அது அடியில் இருப்பதிடம் கேட்டு வாங்கித்தான் காட்டும்.

முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்க நிலத்தைத்தான் இழுப்பேன். "உங்க வூட்டு நெலத்துக்குத் தாய்ப் பத்திரம் ஒண்ணுதான். வித்தது, வாங்கினது, பாகம் பிரிச்சதெல்லாம் அதுமேல வந்த பத்திரம். தாய்ப் பத்திரம் காணாம போனா மேல இருக்கறதை வச்சிக்கிட்டு என்னா பண்ணுவீங்க?" பாகப்பிரிவினையில் பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகளிலிருந்து வருகிற பிள்ளைகள். உடனே தலையாட்டுவார்கள்.

பேஸ் ஃபைலில் யாரும் எழுதக் கூடாது. அதில் ஏதாவது மாறினால் மேலே உள்ள அத்தனையும் குழம்பிவிடும். எழுதாததால் அதன் தேதியும் மாறாது. நான் உருவாக்கிய நாளின் தேதியே அதன் மேல் நிற்கும். வருடங்கள் போகப் போக, சர்வரிலேயே பழையது, பெரியது, யாரும் சீண்டாதது என்று பார்த்தால் அந்த ஃபைல்தான் முதலில் தெரியும்.

எங்கள் துறையின் ஆயுத பூஜையில் ஒரு வழக்கம் உண்டு. துறைத் தலைவர் கொண்டுவந்தது. மானிட்டரைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தால் போதாது. கணினிக்கு உள்ளேயும் சுத்தம் செய்ய வேண்டும். அவரவர் மெஷினில் வேண்டாத பழைய ஃபைல்களை அழித்த பிறகுதான் பொட்டு. "பீரோவுக்குள்ள குப்பைய அடைச்சி வச்சிக்கிட்டு வாசல்ல கோலம் போட்டா, சரஸ்வதி உள்ள வருவாளா?" என்பார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே அழிப்பார்கள். பூஜை ஆனதும் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவோம். விடுமுறை முடிந்து வந்து கற்பூரம் காட்டுகிறவரை யாரும் தொடக் கூடாது.

சென்ற முறையும் அப்படித்தான் நடந்தது. விடுமுறைக்கு முந்திய மதியம், என் மகள் சர்வர் அறை வாசலில் கலர்ப்பொடியில் வீணை வரைந்துகொண்டிருந்தாள். நான் பொரியும் கடலையும் பொட்டலம் கட்டினேன். பூஜை ஆனதும் மாணவர்களின் மெஷின்களை வரிசையாக நிறுத்தினேன். துறைத் தலைவர் தன் அறையில் இதே போன்ற மெஷின் ஒன்றில்தான் வேலை செய்வார்; தன் பிஎச்.டி. ஆய்வேட்டையும் அதில்தான் எழுதிக்கொண்டிருந்தார். எதையாவது பாதியில் திறந்துபோட்டுவிட்டு எழுந்து போகிற பழக்கம் அவருக்கு. அணைத்தால் சேமிக்காத வேலை போய்விடும். ஆகவே அவருடையதை மட்டும் அணைக்காமல், ஓடிக்கொண்டிருந்த நிலையிலேயே உறையவைத்து நிறுத்தினேன். திரையில் இருந்தது, நினைவகத்தில் இருந்தது எல்லாம் ஒரு ஃபைலாகிவிடும். எழுப்பும்போது விட்ட இடத்திலிருந்து தொடரும். விடுதியின் வருகைப் பதிவு மெஷினை மட்டும் ஓடவிட்டேன். விடுமுறைக்கு ஊருக்குப் போகாத பிள்ளைகள் அதில் விரல் வைக்க வேண்டும்.

விடுமுறை முடிந்த வெள்ளிக்கிழமை காலை கற்பூரம் காட்டி மெஷின்களை எழுப்பினேன். ஒன்றும் எழவில்லை. எல்லாத் திரைகளிலும் ஒரே பிழைச் செய்தி. பேஸ் ஃபைல் இல்லை.

 சர்வருக்குள் போய்ப் பார்த்தேன். ஃபைல் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அழிக்கும் அதிகாரம் உள்ள பாஸ்வேர்டு கல்லூரியில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். எனக்கும் துறைத் தலைவருக்கும். அந்தக் கணக்கில் கடைசியாகக் கொடுத்த கட்டளைகளின் பதிவைத் திறந்தேன். யாரோ அதைத் துடைத்துவைத்திருந்தார்கள்.

பிறகுதான் விடுதி மெஷின் ஓடிக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது. அதுவும் அதே பேஸ் ஃபைலின் மேல் உட்கார்ந்திருப்பதுதான். எங்கள் சர்வரின் ஆபரேட்டிங் சிஸ்டமான லினக்ஸில் ஒரு ஃபைலை அழித்தால் முதலில் போவது அதன் பெயர்தான். யாராவது அதைத் திறந்து வைத்திருந்தால், அவர்கள் கையை விடும்வரை உள்ளே இருப்பது அழியாது. விடுதி மெஷின் கையை விடவில்லை. அதன் பிடியிலிருந்து பேஸ் ஃபைலை முழுதாக வெளி டிஸ்க்கில் நகலெடுத்தேன். அதற்குள் பிரின்சிபால் போன் செய்தார். கல்லூரியைப் பார்வையிட வரும் ஆய்வுக் குழுவுக்கான ஆவணங்கள் துறைத் தலைவரின் மெஷினில் இருக்கின்றன, முதலில் அதைக் காப்பாற்றுங்கள் என்றார். அவர் மெஷினின் சின்ன ஃபைலையும், உறைந்த நிலையையும் அதே டிஸ்க்கில் எடுத்துக்கொண்டேன். டிஸ்க்கைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, எல்லாம் கிடைத்துவிட்டது என்று சொல்லத்தான் பிரின்சிபால் அறைக்குப் போனேன்.

துறைத் தலைவர் அங்கே எனக்கு முன்பே இருந்தார்.

"உக்காருங்கம்மா" என்றார் பிரின்சிபால். "சார் ஒரு விஷயம் சொல்றாரு. கொஞ்சம் பொறுமையா கேளுங்க."

"தங்கச்சி, தப்பா எடுத்துக்காத" என்று துறைத் தலைவர் ஆரம்பித்தார். "பூஜை அன்னிக்கு சர்வர் ரூம்கிட்ட கடைசி வரைக்கும் இருந்தது நம்ம பாப்பாதான்."

"கோலம் போட்டுட்டிருந்தா."

"கோலம் மட்டுந்தான் போட்டாளா? ப்ராஜெக்டுக்கு இடம் பத்தலை, இடம் பத்தலைன்னு எங்கிட்டயே வந்து கேட்டுது. உன் பாஸ்வேர்டு அதுக்குத் தெரியாம இருக்குமா? நீ குடுத்தேன்னு நான் சொல்லல. சின்னப் பொண்ணு. இடம் வேணுமேன்னு பெருசா கெடந்ததைத் தட்டி வுட்டிருக்கும்."

"நீங்க அன்னிக்கு சர்வருக்குள்ள போனீங்களாண்ணா?" கல்லூரிக்குள் அவரை அண்ணா என்று கூப்பிட்டது அன்றுதான்.

"நானா? நான் எதுக்குப் போறேன்? அது உன் எடம்."

என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. பூஜைக்குச் சுத்தம் செய்கிறேன் என்று சர்வரில் புகுந்து, தேதிப்படி அடுக்கிப் பார்த்து, பழையதும் பெரியதுமாக இருந்ததை அழித்திருக்கிறார். அது அறியாமல் செய்தது. அதற்காக நான் அவரை ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் இப்போது, இந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, தெரிந்தே என் மகளைக் கைகாட்டிக்கொண்டிருந்தார்.

கைப்பை மடியில் இருந்தது. வாயைத் திறந்திருந்தால் எல்லாம் அப்போதே முடிந்திருக்கும். எப்படி முடிந்திருக்கும் என்பதும் தெரியும். 'அதான் கெடச்சிடுச்சே, சின்னப் பொண்ணு, வுட்டுருங்க' என்பார்கள். என் மகள் அழித்தவளாகவே மிஞ்சுவாள். நான் பேசவில்லை.

திங்கட்கிழமை விசாரணை என்று முடிவானது. அதுவரை மகள் வகுப்புக்கு வரக் கூடாது. சர்வர் பாஸ்வேர்டைத் துறைத் தலைவர் மாற்றிவைப்பார். எழுந்து போகும்போது இன்னொன்றும் சொன்னார். "ஃபைலுங்க எப்பிடியோ திரும்பக் கெடச்சாலும், அழிச்சவங்க மெஷினை செமஸ்டர் ஆரம்பத்து ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்பிடணும் சார். அப்பதான் மத்தவங்களுக்கு பயம் இருக்கும்."

ஸ்னாப்ஷாட் என்பது ஒரு மெஷின் ஒரு குறிப்பிட்ட நாளில் இருந்த நிலையைக் குறித்துவைப்பது. அதற்குத் திருப்பினால், அந்த நாளுக்குப் பிறகு செய்ததெல்லாம் போய்விடும். என் மகளுக்கு அந்த நாளுக்குப் பிறகுதான் எல்லாமே. மாரண்டஹள்ளி காய்கறி மண்டியில் ஏலம் கூவுகிறவர்களின் குரலைக் கேட்டு, விலையை எழுத்தில் காட்டுகிற ஒரு புரோகிராம் செய்துகொண்டிருந்தாள். அங்கே தமிழில் தொடங்குகிற விலை தெலுங்கில் ஏறிக் கன்னடத்தில் முடியும். எந்த போனுக்கும் அது புரியாது. விடியற்காலை பஸ் பிடித்துப் போய்ப் போய், கூடைகளுக்கு நடுவில் நின்று பதிவு செய்த குரல்கள் அவள் மெஷினில் இருந்தன.

நான் அந்த அறையிலிருந்து வெளியே வருவதற்குள் செய்தி லேபுக்குப் போய்விட்டது. எல்லோருடைய ப்ராஜெக்டும் போன ஆத்திரத்தில் பிள்ளைகள் அவளைச் சுற்றி வளைத்திருக்கிறார்கள். அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்திருக்கிறாள். நான் போனபோது அவள் இல்லை. போன் அணைக்கப்பட்டிருந்தது.

அந்த மதியத்தை எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. வீட்டுக்கு ஓடினேன். பூட்டியிருந்தது. பஸ் ஸ்டாண்டில் நின்ற ஒவ்வொரு பஸ்ஸிலும் ஏறி இறங்கினேன். வழியில் இருந்த கிணறுகள் எல்லாம் எனக்குத் தெரிந்தன. வருடக்கணக்காகப் போய் வந்த அந்தச் சாலையில் இத்தனை கிணறுகள் இருந்ததை நான் அதற்கு முன் கவனித்ததில்லை. ஒரு கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். தண்ணீரில் யாரோ எறிந்த ஒரு பிளாஸ்டிக் பை மிதந்தது. அதன் நிறம் அவள் துப்பட்டாவின் நிறம். பை என்று புரிகிறவரை நான் எப்படி நின்றேன் என்று எனக்குத் தெரியாது.

வெயில் இறங்குகிற நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. டீக்கடைக்காரரின் போன்.

"அம்மா, மாரண்டஹள்ளியில இருக்கேன்."

"அங்க எதுக்குடி போன?"

"திரும்ப ரெக்கார்டு பண்ணிடலாம்னு வந்தேன். மண்டி முடிஞ்சி போச்சு." பின்னால் டீ ஆற்றுகிற சத்தம் கேட்டது. "நான் ஒண்ணும் பண்ணலம்மா."

"தெரியும்."

"மாமாகிட்ட சொல்லும்மா. அவரு சொன்னா எல்லாரும் நம்புவாங்க."

சொன்னது யார் என்று அவளுக்கு இன்னும் தெரிந்திருக்கவில்லை. அந்த டீக்கடைக்காரருக்கு நான் நன்றிகூடச் சொல்லவில்லை. பஸ்ஸில் போய் அவளைக் கூட்டிவரும் வழியெல்லாம் அவள் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன். பிடித்த இடம் சிவந்துபோனதை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

சனிக்கிழமை காலை என் கணவர் ஓசூரிலிருந்து வந்தார். கேட்டுவிட்டு, "வுட்டுத் தள்ளு. டி.சி. வாங்கிட்டு வந்து ஓசூர்ல ஏதாச்சும் காலேஜ்ல சேத்துரலாம்" என்றார்.

"இந்தக் கெட்ட பேரோடயா?"

"பேரைப் பாத்தா நம்ம பொண்ணு உசுரோட கெடைக்குமா? நேத்து என்னா ஆயிருக்கும்னு யோசிச்சியா?"

"அதைத்தாங்க யோசிச்சிக்கிட்டு இருக்கறேன். வேற எதையும் யோசிக்கல."

அவர் கடைக்குப் போனதும் மகளின் லேப்டாப்பை எடுத்தேன். சின்ன ஃபைலுக்குள், அதன் பேஸ் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற முழு வழியும் எழுதப்பட்டிருக்கும். அந்த வழி ஓர் எழுத்து பிசகினாலும் கண்டுபிடிக்காது. ஆகவே சர்வரில் இருந்த அதே பெயர்களில் ஃபோல்டர்களை உருவாக்கி, பேஸ் ஃபைலை அதன் இடத்தில் வைத்தேன். துறைத் தலைவரின் மெஷினை எடுத்தேன். ஆவணங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் நோக்கம். எழுப்புவதற்கு முன் இன்னொரு நகல் எடுத்துவைத்துக்கொண்டேன். அது என் வேலைப் பழக்கம்.

மெஷின் எழுந்தது. பூஜை அன்று மதியம் அவர் விட்டுவிட்டு எழுந்த திரை அப்படியே வந்தது. பின்னால் மூடாமல் விட்ட பூஜை அழைப்பு. அதன் மேல், கட்டளைகளை அடிக்கிற டெர்மினல். அதில் அவர் சர்வருக்குள் நுழைந்த வரி. ஃபைல்களைத் தேதிப்படி அடுக்கச் சொன்ன கட்டளை. பட்டியலில் முதலாவதாக என் பேஸ் ஃபைல். அதற்கும் கீழே அழிக்கும் கட்டளை, அந்த ஃபைலின் பெயரோடு. அடுத்த வரியில் கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது. திரையின் மூலையில் கடிகாரம் அன்றைய தேதியையும் நேரத்தையும் காட்டிவிட்டு, கொஞ்சம் பொறுத்து இன்றைக்குத் தாவியது. வெள்ளிக்கிழமை பிழைச் செய்தியைப் பார்த்ததும் வேறு கணினியிலிருந்து சர்வர் பதிவைத் துடைத்தவருக்கு, தன் திரை அந்த மதியத்திலேயே உறைந்து கிடப்பது தெரியாது.

கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மகள் எப்போது எழுந்து வந்தாளோ, என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"இது யாரு மெஷின்?"

 பூஜை அழைப்பின் அடியில் அவர் பெயர் இருந்தது. படித்தாள்.

"மாமாவா?" என்றாள். பிறகு, "மாமாவாம்மா?" என்று இன்னொரு முறை. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "பிரின்சிபால்கிட்ட தனியா காட்டிட்டு வந்துரலாம்மா. எல்லார் முன்னாடியும் வேணாம்."

"உன்னை எல்லார் முன்னாடியுந்தான சொன்னாங்க?"

"அவங்க பண்ணாங்கன்னா நாமளுமா?"

"நாமளுந்தான்" என்றேன்.

எடுத்துவைத்த நகலை வைத்துக்கொண்டு அந்த மெஷினை மறுபடி எழுப்பினேன். மறுபடி அதே மதியம், அதே கர்சர். நகல் இருக்கிறவரை எத்தனை முறை வேண்டுமானாலும் அவர் அந்த ஃபைலை அழித்துக்கொண்டே இருப்பார். வெள்ளிக்கிழமை காலைக்குப் பிறகு அப்போதுதான் எனக்குப் பசித்தது.

திங்கட்கிழமை பிரின்சிபால் அறையில், துறைத் தலைவரோடு வேறு துறைப் பேராசிரியர்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். என் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். லேப்டாப்பைச் சுவரில் இருந்த பெரிய டி.வி.யோடு இணைத்துவிட்டுப் பேசினேன்.

"ஒரு நல்ல சேதிங்க சார். பேஸ் ஃபைல் கெடச்சிடுச்சு. எல்லாரு மெஷினும் திரும்ப வந்துரும்."

துறைத் தலைவர் எழுந்தே விட்டார். "நெசமாவா தங்கச்சி?"

"உங்க மெஷினுந்தான் சார். ஆய்வுக் குழு பேப்பர், உங்க பிஎச்.டி. ஆய்வேடு, எல்லாம் பத்திரமா இருக்குது."

"பாத்தீங்களா சார்? எந்தங்கச்சி கைய வச்சா வராம போவாதுன்னு சொன்னனா இல்லியா?" அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன். அது எனக்கு வேண்டியிருந்தது.

"எழுப்பிக் காட்டறேங்க சார். அதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு. பூஜை அன்னிக்கு நீங்க சர்வருக்குள்ள போவலைன்னு சொன்னீங்க. இவங்களுக்கும் ஒருதடவை சொல்லிருங்க."

"அதான் சொன்னனே. போவலை."

"சரிங்க சார்."

எழுப்பினேன். டி.வி. முழுக்க அவர் திரை விரிந்தது. எழுத்தைப் பெரிதாக்கினேன்.  பேராசிரியர்களில் ஒருவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அருகில் போய் வாய்விட்டே படித்தார்.

"இது... என் ரூமுக்கு யாராச்சும் வந்து..." என்றார் துறைத் தலைவர்.

"சார், பூஜைக்கு நாம உங்க ரூம்லருந்துதான ஒண்ணா கெளம்புனோம்?" என்றார் கண்ணாடி போட்டவர். "பூட்டி சாவிய நீங்கதான பாக்கெட்ல போட்டீங்க?"

நான் மெஷினை மூடி மறுபடி எழுப்பினேன். கடிகாரம் மறுபடி அந்த மதியத்துக்குப் போனது. மறுபடி மூடி எழுப்பினேன்.

"போதும்மா, நிறுத்துங்க" என்றார் பிரின்சிபால்.

"இன்னும் ஒருதடவைங்க சார். அவரு சரியா பாத்திருக்க மாட்டாரு."

என் மகள் மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்து இழுத்தாள். அதற்குப் பிறகுதான் நிறுத்தினேன்.

அன்றே அவரை வெளியே அனுப்புவார்கள் என்று நினைத்தேன். அனுப்பவில்லை. ஆய்வுக் குழு வருகிற நேரத்தில் துறைக்குத் தலைவர் இல்லாமல் இருக்கக் கூடாதாம். "பாப்பா மேல தப்பில்லைன்னு ஆயிடுச்சில்ல, வுட்டுருங்கம்மா" என்றார் பிரின்சிபால். வகுப்பில் வந்து அவர் வாயாலேயே சொன்னால்தான் மற்றவர்களின் மெஷின்களை எழுப்புவேன் என்றேன். பாஸ்வேர்டு திரும்ப என் கைக்கு வந்தது.

மறுநாள் கடைசி வருட வகுப்பில் அவர் நின்றார். நான் பின் வரிசையில் நின்றுகொண்டேன்.

"ஸ்டூடண்ட்ஸ், சர்வர்ல ஒரு டெக்னிக்கல் மிஸ்டேக் நடந்துபோச்சு. யாரையும் குத்தம் சொல்ல வேண்டியதில்ல..."

"யாரோட மிஸ்டேக்குங்க சார்?" என்றேன்.

வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது. அவர் பார்க்கவில்லை. "என்னோடது" என்றார். "நாந்தான் அழிச்சேன். இந்தப் பொண்ணுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

அவ்வளவுதான் நான் கேட்டது. ஆனால் என் மகள் எழுந்து நின்றாள்.

"சார், அப்புறம் ஏன் என் பேரைச் சொன்னீங்க? இத்தனை பேரு இருக்கறோமே. வேற யாரு பேரும் தோணலையா?"

'சார்' என்றுதான் கூப்பிட்டாள். அவர் சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

"வேற யாரையாச்சும் சொன்னா அவங்க வூட்டுல சண்டைக்கு வருவாங்கம்மா. உங்கம்மா வர மாட்டாங்கன்னு நெனச்சேன். நம்ம குடும்பம்தானேன்னு நெனச்சேன்."

இந்த முறை உண்மையைத்தான் சொன்னார். அதனால்தான் அது எனக்குள் இன்னும் எரிகிறது. பயத்தில் வாய்க்கு வந்த பெயரைச் சொல்லியிருந்தால் வேறு. அவர் யோசித்திருக்கிறார். எங்கள் வீட்டுச் சாப்பாடு, காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரி வரை வந்தது, அண்ணா என்று கூப்பிட்டது, எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, இவளைப் போட்டால் இவள் அம்மா முழுங்கிக்கொள்வாள் என்று முடிவு செய்திருக்கிறார். அந்த முடிவுக்குப் பிறகுதான் நான் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன்.

வகுப்பிலிருந்து நேராக சர்வர் அறைக்குப் போனேன். பேஸ் ஃபைலை அதன் இடத்தில் வைத்து, மாணவர்களின் மெஷின்களை ஒவ்வொன்றாக எழுப்பினேன். எல்லாம் எழுந்தன. மண்டிக் குரல்கள் ஒன்றுகூடக் குறையவில்லை. துறைத் தலைவரின் மெஷினிலிருந்து கல்லூரியின் ஆவணங்களை எடுத்துப் பிரின்சிபாலுக்கு அனுப்பினேன். அதன் பிறகு அந்த மெஷினை செமஸ்டர் ஆரம்பத்து ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்பினேன்.

சாயங்காலம் ஓடி வந்தார். "தங்கச்சி, என் தீசிஸ் பழசா இருக்குது. ஜூனுக்கப்புறம் எழுதுனது ஒண்ணையும் காணோமே?"

"ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்பிட்டேங்க சார்."

"எதுக்கு?"

"அழிச்சவங்க மெஷினைத் திருப்பணும்னு நீங்கதான சொன்னீங்க? பிரின்சிபால் சார் முன்னாடிதான் சொன்னீங்க."

 பிரின்சிபாலிடம் போனால் அந்த டி.வி.யைப் பற்றித்தான் மறுபடி பேச வேண்டியிருக்கும். போகவில்லை.

என் மகளின் ப்ராஜெக்ட் நன்றாகவே போனது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஏலக் குரலை இரண்டாவது முறை ஓடவிட்டுக் கேட்டுச் சிரித்தார். ஆனால் கல்லூரி பஸ் நிற்கிற இடத்தில் அவள் வகுப்புப் பெண் ஒருத்தி, நான் நிற்பது தெரியாமல், "அம்மா அட்மின்னா எதை வேணா திரையில வர வைக்கலாண்டி" என்று சொன்னதை நான் என் காதால் கேட்டேன். என் மகளும் கேட்டாள். திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸில் ஏறினாள். இன்றைக்கும் அவள் போன் அணைந்திருந்தால் என் கால்கள் தாமாகவே வாசலுக்குப் போகின்றன.

துறைத் தலைவரின் மெஷினில் ஜூனுக்குப் பிறகு எழுதிய அத்தனையும் இருக்கிற நகலை நான் அழிக்கவில்லை. அது இருக்கும் டிஸ்க் என் வீட்டுப் பீரோவில் இருக்கிறது. என் மகளுக்கு அது தெரியும்.

"குடுத்துரேம்மா. பாவமா இருக்குது" என்றாள் போன வாரம்.

"குடுக்கறேன்."

"எப்ப?"

 சர்வர் அறைக்குப் போகிற வழி அவர் அறையைக் கடந்துதான் போகிறது. வெயிலுக்காகக் கதவைத் திறந்துவைத்திருக்கிறார். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழாமல், பழைய தாள்களைப் புரட்டிப் புரட்டித் தட்டிக்கொண்டிருக்கிறார். மூன்றாம் அத்தியாயத்துக்கு வந்துவிட்டார்; சர்வரில் திறந்து படித்துப் பார்த்தேன். முதலில் எழுதிய மூன்றாம் அத்தியாயத்தை நான் படித்திருக்கிறேன். அது இதைவிட நன்றாக இருந்தது.